நாய் முத்திரை

"இன்னும் ஒரு ஸ்பூன், அண்ணா. வாயைத் திற. கொஞ்சம்தான்."

அண்ணன் திறக்கவில்லை. தண்ணீர் அவன் உதட்டோரமாக வழிந்து, தாடையில் கொஞ்சம் நின்று, கழுத்துக்கடியில் போட்டிருந்த துண்டில் இறங்கியது. அவள் துண்டின் நுனியால் துடைத்துவிட்டாள். காலையிலிருந்து மொத்தம் ஏழு ஸ்பூன் உள்ளே போயிருக்கிறது. குடித்தால் குடிக்கட்டும், வற்புறுத்தாதீர்கள் என்று நேற்றே நர்ஸ் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டு ஆளுக்கொரு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆறு வருடத்தில் இன்றுதான் அந்த ஸ்பூனை அவள் கையால் தொட்டிருக்கிறாள். விரும்பித் தொடவில்லை. அண்ணி தண்ணீர் டம்ளரோடு சேர்த்து நீட்டிவிட்டாள். அண்ணன் இந்த நிலைமையில் கிடக்கும்போது, 'வேற ஸ்பூன் கொடுங்க அண்ணி' என்று எப்படிக் கேட்பது? வாங்கிக்கொண்டாள். அதே கனம். காம்பு குழியோடு சேருகிற இடத்தில், அடிப்பக்கம், ஆள்காட்டி விரலில் ஏதோ சின்னதாக நெருடியது. முப்பது வருஷமாக இந்த வீட்டில் அடிபட்ட ஸ்பூன், நெருடாமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டாள்.

அண்ணன் கை போர்வைக்கு மேல் மெதுவாக நகர்ந்து வந்தது. இரண்டு விரலால் ஸ்பூனைப் பிடித்து இழுத்தான். அவள் விட்டாள். பக்கத்து ஸ்டூலில் இருந்த தட்டில் அதைக் கவிழ்த்து வைத்தான். குழி கீழே, முதுகு மேலே. அந்தச் சின்ன வேலைக்கே மூச்சு வாங்கியது. பிறகு அவளைப் பார்த்தான்.

சாகக் கிடக்கும்போதுகூட இந்தக் கிண்டல் போகாதா உனக்கு என்று அவளுக்கு வாய் வரை வந்தது. கிண்டல்தான் என்று அவள் நினைத்திருந்தாள். ஞாயிறுதோறும் அவள் இந்த வீட்டுக்கு வருவாள். அண்ணி டீ கொண்டுவந்து வைப்பாள். அண்ணன் எழுந்துபோய்ச் சர்க்கரை டப்பாவிலிருந்து இந்த ஸ்பூனை எடுத்து, சட்டையில் ஒரு துடை துடைத்து, அவள் கப்புக்குப் பக்கத்தில் இப்படியே கவிழ்த்து வைப்பான். முதுகில் இருக்கும் நான்கு குட்டிச் சதுரங்களும் அவளைப் பார்த்தபடி இருக்கும். முதல் சதுரத்தில் ஒரு நாய், அடுத்ததில் ஒரு எழுத்து, பிறகு பூ மாதிரி ஒன்று, கடைசியில் செய்தவன் பெயருக்கு இரண்டு எழுத்து.

அந்த நாய்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

அப்போது அவளுக்கு இருபத்து நான்கு வயது. ஏலக்கூடத்தில் பழைய வெள்ளிச் சாமான்கள் பிரிவில் சேர்ந்து சரியாக ஒரு வாரம். ஸ்பூனோ முள்கரண்டியோ கத்தியோ எது வந்தாலும் முதுகில் இருக்கும் முத்திரையைப் படித்து, யார் செய்தது, எந்த ஊர், எந்த வருஷம், வெள்ளியா முலாமா என்று ஒரு சிறிய சீட்டில் எழுதி, நூலால் கட்டி அனுப்ப வேண்டும். சீட்டின் கடைசி வரியில் 'படித்தவர்' என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்துக்காகவே அவள் தலைகீழாக நின்றாள். கழுத்தில் கயிறு கட்டி லென்ஸைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிவாள். அண்ணன் அவளை 'லென்ஸு' என்று கூப்பிட ஆரம்பித்தது அந்த வாரம்தான்.

அண்ணனுக்கு ரயிலில் வேலை. தூரத்து ரயில்களில் இணைக்கிற சாப்பாட்டுப் பெட்டியில் பரிமாறுகிறவன். வளைவில் ரயில் சாயும்போது, சூப்புக் கிண்ணத்தோடு இவனும் எதிர்ப்பக்கம் சாய்வான், ஒரு சொட்டு சிந்தாது. அந்த ஞாயிறு அவளைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். அவன் கூட வேலை பார்க்கிற சமையல்காரரும் வந்திருந்தார். சாப்பிட்டு முடித்ததும், அண்ணன் சாப்பாட்டுப் பெட்டி நாப்கினில் சுற்றிய ஒரு பொட்டலத்தை அவள் முன்னால் வைத்தான்.

"பிரிச்சுப் பாரு, லென்ஸு."

"என்னண்ணா இது?"

"வெள்ளி ஸ்பூன். ஆறு. பழைய சாமான் சந்தையில ஒரு பெரியவர் வச்சிருந்தார். இனிமே நீ பெரிய மனுஷி. ஸ்டீல் ஸ்பூன்ல டீ கலக்கினா நல்லாவா இருக்கும்?"

அவள் ஒன்றை எடுத்துத் திருப்பி, கண்ணில் லென்ஸைச் செருகினாள். பார்த்த மாத்திரத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

"அண்ணா, உன் காதுல நல்லா பூ சுத்தி அனுப்பியிருக்காங்க."

"கனத்தைப் பாரேன். தினம் நானூறு ஸ்பூன் எடுத்து வைக்கிறவன் நான். கை சொல்லுது, இது வெள்ளின்னு."

"கை சொல்லும், கால் சொல்லும். முத்திரை என்ன சொல்லுது? அசல்ல சிங்கம் இருக்கும். கம்பீரமா ஒரு காலைத் தூக்கி நடக்கும். இது வாலை ஆட்டிக்கிட்டு நிக்குது பாரு. இது நாய். சிங்கம் போட்டா மாட்டிப்போம்னு நாயைப் போட்டு வச்சிருக்கான். முலாம்ண்ணா இது. சுத்த முலாம்."

சமையல்காரர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து சிரித்தார். "சுத்த முலாமாம்!" அண்ணியும் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் அவள்தான். முதன்முதலாக ஒரு விஷயம் வீட்டில் தனக்கு மட்டும் தெரிகிறதே என்ற பெருமை தலைக்கேறியிருந்தது. அண்ணனும் சிரித்தான், கொஞ்சம் பிந்திச் சிரித்தான். பொட்டலத்தை மறுபடி சுற்றினான்.

"சரி விடு. நாய் நம்ம வீட்லயே கிடக்கட்டும்."

திங்கட்கிழமை ரயில் கிளம்பி அடுத்த ஸ்டேஷன் போவதற்குள், சாப்பாட்டுப் பெட்டி முழுக்க அவன் பெயர் 'முலாம்' ஆகிவிட்டது. பிறகு டிக்கெட் பரிசோதகர் வரை பரவி, தெருவுக்கு வந்து, மளிகைக் கடையில்கூட 'முலாம் வீட்டுக்கு அரை கிலோ சர்க்கரை' என்றால்தான் புரியும் என்றாயிற்று. கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பான். பாசத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. அவளுக்குக் காய்ச்சல் என்றால் வேலை முடிந்து சீருடையோடு வந்து நிற்பான். ஆனால் தன் கையால் ஒரு பொருளை வாங்கி வந்து அவள் முன்னால் வைப்பது மட்டும் அன்றோடு நின்றுபோனது. பிறந்தநாளோ, புது வீடோ, எதுவானாலும் அண்ணிதான் வாங்கினாள், அண்ணிதான் கொடுத்தாள். 'பிரிச்சுப் பாரு, லென்ஸு' என்கிற அந்தக் குரலை அவள் அப்புறம் கேட்கவேயில்லை. முதல் சில வருஷங்கள் அதை அவள் கவனிக்கக்கூட இல்லை. கவனித்த பிறகு அதற்காக ஏங்காத நாள் இல்லை.

ஆறு ஸ்பூனும் இந்த வீட்டில் பட்ட பாடு கொஞ்சமல்ல. அண்ணன் மகள் சின்ன வயதில் ஒன்றை வைத்து மண் தோண்டினாள். ஒன்று பெயின்ட் டப்பாவைத் திறக்கப் போய் வளைந்தது. ஒன்று குப்பையோடு போனது. முலாம்தானே, யார் கவலைப்பட்டார்கள்? கடைசியில் சர்க்கரை டப்பாவில் கிடந்த இந்த ஒன்று மட்டும் மிஞ்சியது. இதை மட்டும் யாராவது வேறு வேலைக்கு எடுத்தால் அண்ணன் உடனே அவர்கள் கையிலிருந்து பிடுங்கி வைத்துவிடுவான்.

ஆறு வருடம் முன்னால் ஏலக்கூடத்துக்கு ஒரு பெட்டி வந்தது. வெல்வெட் போட்ட பெட்டி, உள்ளே பன்னிரண்டு ஸ்பூன். அவள் முதல் ஸ்பூனைத் திருப்பினாள். நாய். இரண்டாவதைத் திருப்பினாள். அதே நாய், அதே வாலாட்டல். பெட்டியின் அடியில் செய்தவனே கைப்பட எழுதிய காகிதம் இருந்தது. எங்கோ ஒரு மூலைத் துறைமுகத்தில் கடை வைத்திருந்த தட்டான். வெள்ளியைச் சோதித்து முத்திரை குத்துகிற அலுவலகம் அந்த ஊரில் கிடையாது. வாங்குகிறவர்கள் முத்திரை கேட்கிறார்களே என்று, நகரத்து முத்திரையை எப்போதோ பார்த்த ஞாபகத்தில் தானே ஒரு அச்சு வெட்டிக்கொண்டிருக்கிறான். பாவம், சிங்கத்தை நேரில் பார்த்தவனா என்ன? தெரிந்த மிருகத்தை வெட்டிவிட்டான். முத்திரைதான் போலி. வெள்ளி அசல். சோதனை அறையில் போட்டுப் பார்த்தார்கள், நகரத்து வெள்ளியைவிட ஒரு படி மேலாகவே இருந்தது.

அவள் பன்னிரண்டு சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பதின்மூன்றாவதாக ஒரு சீட்டும் எழுதினாள். 'ஸ்பூன், ஒன்று. வெள்ளி.' அதையும் கையெழுத்துப் போட்டு, கைப்பையின் உள்ஜிப்பில் வைத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிறே சொல்லிவிடத்தான் போனாள். சத்தியமாகப் போனாள். உள்ளே நுழையும்போதே சமையல்காரர் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவரிடம் முலாம் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அண்ணனும்தான். இருபத்து நான்கு வருஷமாக ஒரு மனுஷனை ஊரே முலாம் என்று கூப்பிட்டாயிற்று. இப்போது போய், 'மன்னிக்கணும், நான் தப்பாப் படிச்சிட்டேன்' என்று சொன்னால் அவன் முகத்தை எப்படிப் பார்ப்பது? அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். டீ வந்தது. ஸ்பூனும் வந்தது, கவிழ்ந்தபடி. நாய் அவளைப் பார்த்து வாலை ஆட்டியது.

"இனிமே எனக்குச் சர்க்கரை வேண்டாம் அண்ணி. விட்டுட்டேன்" என்றாள்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் கசப்பு டீதான் குடித்தாள். அவளுக்குச் சர்க்கரை வியாதி என்று அண்ணி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். எல்லாம் அந்த ஸ்பூனைத் தொடாமல் இருப்பதற்கு. அண்ணனும் விடவில்லை. சர்க்கரை போடாதவளுக்கு ஞாயிறுதோறும் ஸ்பூனை எடுத்து, துடைத்து, கவிழ்த்து வைத்துக்கொண்டே இருந்தான்.

இப்போது அறையில் வேறு யாரும் இல்லை. அண்ணன் கண் திறந்துதான் இருந்தது. இன்று விட்டால் இன்னொரு ஞாயிறு கிடையாது. அவள் நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்தாள்.

"அண்ணா. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவன் கண் கொஞ்சம் விரிந்தது. தலையைக்கூட அவள் பக்கம் திருப்பப் பார்த்தான்.

"ரொம்ப நாளா சொல்லணும்னு... நீ கோவிச்சுக்கக் கூடாது. நான்..."

"அத்தை!" அண்ணன் மகள் கதவைத் திறந்தாள். "ரயில்காரங்க எல்லாம் வந்திருக்காங்க. அப்பாவைப் பாக்கணுமாம். உள்ள வரச் சொல்லவா?"

சொல்லவா என்று கேட்டது ஒப்புக்குத்தான். அவளுக்குப் பின்னாலேயே சமையல்காரரும் இன்னும் நாலு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்துவிட்டார்கள். எல்லோருக்கும் வயதாகிவிட்டது. ஒருவர் கைத்தடியோடு வந்திருந்தார். கட்டிலைச் சுற்றி நின்றார்கள். சமையல்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு அவர் கண்ணில் தட்டிலிருந்த ஸ்பூன் பட்டது.

"அட, நாய் இன்னும் இருக்கா!"

அவ்வளவுதான். எல்லோர் முகத்திலும் வெளிச்சம் வந்துவிட்டது. சமையல்காரர் ஸ்பூனை எடுத்து உயர்த்திப் பிடித்து ஆரம்பித்தார். ஆயிரம் தடவை சொன்ன கதை. அவளுடைய குரலை மூக்கால் பேசிக் காட்டினார், கண்ணை இடுக்கி லென்ஸ் செருகிக் காட்டினார். சமையலறையிலிருந்து அண்ணியும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கட்டில் தலைமாட்டில் நின்றாள். அண்ணன் உதட்டில் சிரிப்பு மாதிரி ஒன்று இருந்தது.

அவள் சுவரோரம் நின்றாள். இப்போதே சொல்லிவிடுவோம் என்று முடிவு செய்தாள். கதை எங்கே ஆரம்பித்ததோ அங்கேயே உடையட்டும். இவர்கள் எல்லோரும் கேட்கட்டும், அவன் கேட்கட்டும். அவர் முடிக்கட்டும், சிரித்து ஓயட்டும், உடனே சொல்லிவிடலாம்.

"...வாலை ஆட்டிக்கிட்டு நிக்குது பாரு, இது நாய்! முலாம்ண்ணா, சுத்த முலாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். கைத்தடிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவள் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"அது..." என்றாள்.

"ஏங்க?" என்றாள் அண்ணி.

அண்ணி சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணி குனிந்து அவன் கன்னத்தில் கை வைத்தாள். "ஏங்க, இங்க பாருங்க. ஏங்க." சமையல்காரர் ஸ்பூனைக் கையில் பிடித்தபடியே நின்றார். அண்ணன் உதட்டில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது.

அதன்பிறகு நடந்ததெல்லாம் எல்லார் வீட்டிலும் நடக்கிறதுதான். டாக்டர் வந்தார், காகிதத்தில் நேரம் எழுதினார். நாற்காலிகள் வந்தன. யார் யாருக்கோ போன் போனது. 'முலாம் போயிட்டார்' என்று சொன்னால்தான் பாதிப் பேருக்கு ஆள் விளங்கியது. அண்ணன் மகள் அழுதுகொண்டே, "ஆமா, முலாம்தான், எங்க அப்பாதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் அது இவள் காதில் விழுந்தது. இரவெல்லாம் அவளைத் தின்றது ஒரே கேள்விதான். 'அது' என்று சொன்னாளே, அந்த ஒரு வார்த்தையாவது அவன் காதில் விழுந்திருக்குமா? விழுந்திருந்தால் மிச்சத்தை ஊகித்திருப்பானா? மறுநாள் மதியம் வண்டி வந்து அவனை எடுத்துப் போனார்கள். சமையல்காரர் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

சாயங்காலம் வீடு காலியானது. அண்ணன் மகள் மாடியில் அசந்து தூங்கிவிட்டாள். வாடகை நாற்காலிகள் வாசலில் அடுக்கிக் கிடந்தன. அவள் சாப்பாட்டு மேஜையில், ஞாயிற்றுக்கிழமை உட்காருகிற அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் அண்ணன் நாற்காலி. அதன் முதுகில் அவனுடைய ஸ்வெட்டர் தொங்கியது. அண்ணி இரண்டு கப் டீ கொண்டுவந்து வைத்தாள். திரும்பிப் போய்ச் சர்க்கரை டப்பாவைக் கொண்டுவந்தாள். ஸ்பூனை எடுத்து முந்தானையில் துடைத்து, அவள் கப்புக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள்.

"நீங்களுமா அண்ணி?"

"என்ன நானும்?"

"கவிழ்த்து வைக்கிறீங்களே."

அண்ணி ஸ்பூனைப் பார்த்தாள். "உனக்கு இப்படித்தான் வைக்கணும். அவர் அப்படித்தானே வைப்பார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அவள் ஸ்பூனை எடுத்தாள். நேற்று விரலில் நெருடிய இடம் இன்றும் நெருடியது. வேலைப் பழக்கம், கை தானாகக் கழுத்துக்குப் போய் லென்ஸை எடுத்தது. கண்ணில் செருகி, ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

நாய் இருந்தது. அவள் பார்த்தது நாயை அல்ல. அதற்குக் கீழே, காம்பு குழியோடு சேருகிற மடிப்பில், ஒரு கோடு. தற்செயலாக விழுந்த கீறல் இல்லை. அரத்தால் வேண்டுமென்றே போட்ட ஒரு வெட்டு, நெல் அளவு. வெட்டுக்குள்ளே மேகம் போல ஒரு வெளிறல். இந்த மாதிரி வெட்டைத் தன் வாழ்க்கையில் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறாள். நகைக்கடைக்காரர் அரத்தால் ஒரு இழுப்பு இழுப்பார், அதில் ஒரு சொட்டு அமிலம் விடுவார். பச்சையாகப் பொங்கினால் முலாம். பால் மாதிரி வெளுத்து நின்றால் வெள்ளி.

இது வெளுத்திருந்தது.

வெட்டின் ஓரங்கள் கூர்மை போய், தேய்ந்து, மழுமழுவென்று ஆகியிருந்தன. தினம் கழுவி, தினம் சர்க்கரைக்குள் போய் வந்தால்தான் அப்படி ஆகும். ஐந்தாறு வருஷத்தில் ஆகாது. இருபத்தைந்து வருஷத்துக்குக் குறையாது என்று அவளுக்குள் இருந்த ஏலக்கூடத்துக்காரி கணக்குப் போட்டாள். லென்ஸை எடுக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

"அண்ணி. இதை யாரோ சோதிச்சுப் பாத்திருக்காங்க."

அண்ணி டீயை ஒரு வாய் குடித்தாள். கப்பைக் கீழே வைத்தாள்.

"அவர்தான்."

"எப்போ?"

"நீ சொல்லி மூணு மாசம்கூட ஆகல. மனுஷனுக்கு மனசு ஒப்பல. கை பொய் சொல்லாது, கை பொய் சொல்லாதுன்னு புலம்பிட்டே இருந்தார். ஒருநாள் என்னையும் கூட்டிட்டு ஒரு நகைக்கடைக்குப் போனார். அந்த ஆள் சொட்டு மருந்து மாதிரி ஏதோ விட்டுப் பாத்துட்டு, 'அருமையான வெள்ளிங்க, எங்க பிடிச்சீங்க'ன்னு கேட்டான்." அண்ணி அங்கே நிறுத்தி, முந்தானையால் மேஜையைத் துடைத்தாள். "பஸ் ஸ்டாப்ல நின்னுட்டு என்கிட்ட சத்தியம் வாங்கினார். இதை அவகிட்ட சொல்லக்கூடாது. இப்பத்தான் வேலைக்குச் சேந்திருக்கா, முதல்லயே தப்புப் பண்ணிட்டோம்னு தெரிஞ்சா அப்புறம் எதைப் பாத்தாலும் கை நடுங்கும். நமக்கென்ன, பேருதானேன்னார்."

"பேருதானேன்னா சொன்னான்?"

"ஆமா. முலாம்னு கூப்பிட்டா எனக்கென்ன துருவா பிடிக்கப் போகுதுன்னார்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் வேறு என்னவோ ஆகிவிட்டது.

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே அண்ணி. நான் நல்லா நிலைச்ச பிறகாவது..."

"அவளுக்குக் கண்ணு இருக்கு, ஒருநாள் அவளே பாப்பான்னார். அதுக்குத்தான் கவிழ்த்து வைப்பார். எத்தனை வருஷம்! நீ திரும்பிக்கூடப் பாக்கல. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை வந்து, சர்க்கரையை விட்டுட்டேன்னு சொன்னே பாரு..." அண்ணி அவளை நேராகப் பார்த்தாள். "நீ போனதும் அவர் என்னைச் சமையலறைக்கு இழுத்துட்டுப் போய்ச் சொன்னார். அவளுக்குத் தெரிஞ்சு போச்சுடி. ஸ்பூனைப் பாத்ததும் மூஞ்சி எப்படிப் போச்சு பாத்தியா? அடுத்த வாரம் சொல்லிடுவான்னார். அவ்வளவு சந்தோஷம். அடுத்த வாரம் காலையிலேயே சவரம் பண்ணிட்டு உக்காந்துட்டார்."

அவள் கண்ணிலிருந்து லென்ஸை எடுத்தாள்.

"நீ சொல்லல. சரி, அடுத்த வாரம்னார். அப்புறமும் அடுத்த வாரம்னார். நீயும் வாயைத் திறக்கல, அவரும் கேக்கல. ஞாயித்துக்கிழமையானா நான் ஒருத்தி டீயைப் போட்டு வச்சுட்டு, உங்க ரெண்டு பேர் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு நிப்பேன். நல்ல அண்ணன், நல்ல தங்கச்சி!" அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்தோடு கண்ணும் நிறைந்துவிட்டது. "நீங்களே கேட்டுடுங்களேன்னு சொன்னேன். நான் கேட்டா அவ அழுவா, அவளா சொன்னா ரெண்டு பேரும் சிரிச்சுக்கலாம்னார்."

வாசலில் நாற்காலிக்காரர் வந்து அடுக்குகளை வண்டியில் ஏற்றுகிற சத்தம் கேட்டது. ஒரு நாற்காலி விழுந்தது. யாரோ யாரையோ மெதுவாக ஏசினார்கள். எதிரில் தொங்கிய ஸ்வெட்டரின் முழங்கைப் பக்கம் நூல் பிரிந்திருந்தது. அவளுக்கு அண்ணன் வேண்டும் போலிருந்தது. இந்த நாற்காலியில், இந்த ஸ்வெட்டரில், ஐந்து நிமிஷம் போதும். ஐந்து நிமிஷம் எதற்கு, ஒரு வாக்கியம் சொல்கிற நேரம் போதும். முந்நூறு ஞாயிற்றுக்கிழமை கையில் இருந்தது, ஒன்றைக்கூட அவள் எடுக்கவில்லை.

"சர்க்கரை டப்பாவை இப்படித் தள்ளுங்க அண்ணி."

"உனக்குத்தான் ஆகாதே?"

"ஆகும்."

அண்ணி தள்ளினாள். அவள் ஸ்பூனால் ஒன்று போட்டாள், இன்னொன்றும் போட்டாள். கலக்கினாள். ஆறு வருஷமாக மறந்திருந்த தித்திப்பு, குடிக்க முடியவில்லை. முழுதும் குடித்தாள்.

பிறகு ஸ்பூனைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாள். கைப்பையின் உள்ஜிப்பைத் திறந்தாள். சீட்டு மடிப்பில் பழுத்துப்போயிருந்தது, நூல் மட்டும் திடமாக இருந்தது. காம்பின் நடுவில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். அண்ணி எட்டிப் பார்த்துப் படித்தாள்.

"கழுவும்போது நனைஞ்சு போயிடுமே."

"நனைஞ்சா வேற எழுதித் தர்றேன்."

ஸ்பூனைச் சர்க்கரைக்குள் செருகி மூடியை வைத்தாள். மூடி சரியாக உட்காரவில்லை. அண்ணி தன் உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தி, டப்பாவை எடுத்துக்கொண்டுபோய் அலமாரியில் அதன் இடத்தில் வைத்தாள். சீட்டு உள்ளே போகாமல், கையெழுத்து இருந்த முனை மட்டும் மூடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.